பரங்கிமலை முதல் பருத்திப்பட்டு வரை

பரங்கிமலையிலிருந்து நந்தம்பாக்கம், போரூர், பூந்தமல்லி வழியாக ஆவடிக்குப் போகும் சாலையை நெரிசலுக்காகத் திட்டாத சென்னைக்காரர் இல்லை. மெட்ரோ தூண்கள் முளைத்த பிறகு திட்டு இன்னும் கூடிவிட்டது. ஆனால் இது பட்டாளத்துச் சாலை. ஒரு முனையில், கம்பெனி காலத்தில் பீரங்கிப் படை தங்கியிருந்த பரங்கிமலை. நடுவே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் முகாம் போட்டிருந்த பூந்தமல்லி. மறுமுனையில் டாங்கி செய்யும் ஆவடி. ஆவடிக்கு ஒரு எட்டு முன்னால் ஏரியை ஒட்டிப் பருத்திப்பட்டு.

என் சித்தி மகள் பருத்திப்பட்டில் குடியிருக்கிறாள். அவள் தெருவில், ராணுவத்தில் நாய் பழக்கிய ஹவில்தார் ஒருவர் ஓய்வு பெற்று வந்து தங்கியிருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். 2026 குடியரசு நாள் அணிவகுப்பில் முதல்முறையாக ராணுவத்தின் விலங்குகளுக்கென்றே தனி அணி வந்ததைப் பார்த்த பிறகு அவரைச் சந்தித்துவிடுவது என்று கிளம்பினேன். பனிமலையில் சுமை தூக்கும் இரட்டைத் திமில் ஒட்டகம், ஸான்ஸ்கர் மட்டக்குதிரை, பருந்து, அப்புறம் நாய்கள். நம்ம ஊர் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் தில்லி கர்த்தவ்யப் பாதையில் நடந்தன. அந்த அணிக்கு முன்னால் நடந்தவர் ஒரு பெண் கேப்டன். ராணுவத்தின் கால்நடைப் பிரிவு 1779இல் வங்காளத்தில் தொடங்கியது. அதில் பெண் அதிகாரிகளுக்கு இடம் கிடைத்ததோ சில ஆண்டுகளுக்கு முன்புதான். சிப்பிப்பாறை நாயும் பெண் அதிகாரியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அந்த வாசலுக்குள் நுழைந்திருக்கிறார்கள். இதைச் சிரித்துவிட்டு விடலாம். எனக்குச் சிரித்துவிட்டு விட முடியவில்லை.

பரங்கிமலையிலேயே தொடங்கினேன். அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் மதில், உள்ளே அடர்ந்த மரங்கள், வாசலில் காவலர். வெளியாட்களுக்கு இதற்கு மேல் தெரிவதற்கில்லை. ஆனால் இந்திய ராணுவத்தில் பெண்களின் கதை பாதிக்கு மேல் இந்த மதிலுக்குள் நடந்தது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 12ஆம் பிரிவில், மத்திய அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டாலொழியப் பெண்கள் படையில் சேரத் தகுதியற்றவர்கள் என்கிறது. செவிலியர், மருத்துவர் தவிர மற்றவர்களுக்கு அந்த அறிவிக்கை வர 1992 ஆயிற்று. முதல் அணியில் 25 பேர் இங்கே பயிற்சி பெற்று 1993 மார்ச்சில் அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது 5 ஆண்டு வேலை. அதை நீட்டி நீட்டி 14 ஆண்டு ஆக்கினார்கள். ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டு பணி வேண்டும். 14 ஆண்டு முடிந்ததும் வீட்டுக்குப் போ என்றால் என்ன அர்த்தம் என்று கணக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1943இல் சிங்கப்பூரில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த லட்சுமி, கேப்டன் லட்சுமியாகி ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றிருந்தார். மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்து துப்பாக்கி தூக்கிப் பயிற்சி எடுத்தார்கள். நேதாஜி படையின் பெண்களைப் பாடப் புத்தகத்தில் ஏற்றிய சுதந்திர நாடு, ஏழே ஆண்டில் 12ஆம் பிரிவை எழுதியது.

நிரந்தரப் பணி கேட்டு 2003இல் பபிதா புனியா என்ற வழக்கறிஞர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2010இல் அங்கே வெற்றி. அரசு மேல்முறையீடு செய்தது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசுத் தரப்பு அங்கே வைத்த வாதங்களைப் படித்தால் யாருக்கும் காது சிவக்கும். பெண்ணின் உடல் வலு குறைவு. பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு என்று இடையூறுகள். கிராமத்திலிருந்து வரும் ஜவான் பெண்ணின் கட்டளையை மனத்தளவில் ஏற்க மாட்டான். நீதிபதி சந்திரசூட் இதையெல்லாம் பாலினத்தைப் பற்றிய பழங்கற்பனை என்று ஒதுக்கிவிட்டு, பெண் அதிகாரிகள் ஏற்கெனவே செய்து காட்டியவற்றைத் தீர்ப்பிலேயே பட்டியலிட்டார். 2010இல் காபூலில் இந்தியர்கள் தங்கியிருந்த விடுதி தாக்கப்பட்டபோது ஓடிப்போய் இடிபாட்டிலிருந்து ஆட்களை மீட்டு, வீரத்துக்கான சேனா பதக்கம் பெற்ற மிதாலி மதுமிதா அந்தப் பட்டியலில் இருக்கிறார். இதே பரங்கிமலையில் 2010இல் பயிற்சியில் சிறந்தவருக்கான மரியாதை வாளைப் பெற்ற முதல் பெண்ணான நம் சென்னைப் பெண் திவ்யா அஜித் குமாரும் இருக்கிறார்.

பதக்கம் கொடுத்தாயிற்று, வாள் கொடுத்தாயிற்று. வேலையை மட்டும் வழக்குப் போட்டு வாங்க வேண்டியிருந்தது. இந்த முரணோடுதான் பேருந்து ஏறினேன்.

நந்தம்பாக்கத்தில் இறங்கினால் சாலையோரம் போர்க் கல்லறைத் தோட்டம். உள்ளே போய்விட்டால் லாரிச் சத்தம்கூட மட்டுப்பட்டுவிடும். 1952இல் அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் 850க்கு மேல், வெட்டிச் சீராக்கிய புல்லில் வரிசை பிசகாமல். முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைச் சுமக்கும் நினைவுச் சின்னமும் உண்டு. ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது. இருபது, இருபத்திரண்டு என்று வயதைப் படித்துக்கொண்டே போனால் கொஞ்ச நேரத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றும்.

முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து கப்பலேற்றிய குதிரைகளும் கோவேறு கழுதைகளும் ஒட்டகங்களும் மாடுகளுமாகச் சேர்ந்து 1,70,000க்கு மேல். நம் ஓசூரில் 1824இல் கம்பெனி தொடங்கிய பண்ணையே படைக்குக் குதிரை வளர்க்கத்தான். போன விலங்குகளில் எது எங்கே விழுந்தது என்று கல் நட்டவர் யாருமில்லை.

ஆனால் தமிழ்நாட்டில் அப்படி ஒரு கல் இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில். பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். ஆநிரை கவர வந்தவர்களோடு நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்தான். அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்து, காவல் நின்றது. நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்தில் அந்த நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். அரசலாபுரத்தில் சண்டையில் மாண்ட சேவலுக்குக்கூடக் கல் உண்டு. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்பு ஒரு நாயின் பெயரைக் கல்லில் ஏற்றிய ஊர் இது.

அதே தமிழ்நாட்டில் பெண்ணுக்கு எழுப்பிய நினைவுக் கல் பெரும்பாலும் எது? சதிக்கல். கணவன் இறந்ததும் தீயில் இறங்கியதற்காக நட்டது. நாய்க்குச் சண்டையிட்டதற்காகக் கல், பெண்ணுக்குத் தன்னை அழித்துக்கொண்டதற்காகக் கல். பழைய காலத்தை இன்றைய சட்டப் புத்தகத்தால் அடிக்கக் கூடாது என்பார்கள். அடிக்கவில்லை. யாரை எதற்காகப் போற்றினோம் என்று பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பூந்தமல்லியில் பேருந்து மாற வேண்டும். முகப்பில் இளஞ்சிவப்புப் பூசிய சாதாரணக் கட்டணப் பேருந்து நின்றது. ஏறி உட்கார்ந்ததும் நடத்துநர் காசு வாங்காத சீட்டைக் கிழித்து, முகம் பார்க்காமல் நீட்டினார். 2021 மே மாதத்திலிருந்து நமக்குப் பழகிப்போனது இது. பெண் என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைக்கும் உரிமைகளில், தமிழ்நாட்டில் அதிகப் பேர் அன்றாடம் கையில் வாங்கிப் பார்ப்பது இந்தச் சீட்டைத்தான். அடுத்த மாதமே திருநங்கைகளுக்கும் அதை விரித்தார்கள். அதனால் எந்தப் பெண்ணின் சீட்டும் குறையவில்லை. நிற்க இடம் இருக்கும் வரை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஏறலாம். எண்ணி வைத்த இடங்கள் என்று வரும்போதுதான் சிக்கல். அதைச் சாயங்காலம் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் எனக்கு நினைவூட்டினாள்.

சென்னீர்குப்பம் தாண்டி, காடுவெட்டியில் கூவத்தைக் கடந்தால் பருத்திப்பட்டு. நகருக்குள் மூக்கைப் பொத்த வைக்கும் அதே கூவம் இங்கே நாணலும் நீருமாக, ஆறு என்று சொல்லக்கூடிய தோற்றத்தில் இருக்கிறது. ஏரியைச் சீரமைத்து 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். பரப்பு 87 ஏக்கர் சொச்சம். கரையெல்லாம் நடைபாதை, நடுவில் பறவைகளுக்கான திட்டு. கூழைக்கடா ஒன்று இறங்கும்போது தண்ணீரில் நீளக் கோடு போட்டது. சாயங்காலமானால் ஆவடியின் பாதி இங்கேதான் நடக்கும் போலிருக்கிறது. தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள், சீருடைப் பேன்ட்டை மாற்றாமல் வந்த காவலர்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள்.

ஹவில்தார் சித்தி மகளோடு வந்தார். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை அடுத்த ஊர்க்காரர். வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் என்று பெயரெடுத்த வட்டாரம் அது. நடை இன்னும் நிமிர்ந்த நடை. பெயர் போட வேண்டாம் என்றார். காஷ்மீரில் வெடிமருந்து மோப்பம் பிடிக்கும் லாப்ரடாருடன் வேலை பார்த்தவர்.

"நாய மொதல்ல நாம நம்பணும் மேடம். அது நம்மள நம்புறது ரெண்டாவது," என்று ஆரம்பித்தார். "ஒரு நாய்க்கு ஒரு ஹேண்ட்லர்தான். சோறு போடறது, சீவி விடறது, பாதத்துல பனி வெடிப்பு இருக்கான்னு பாக்கறது, எல்லாம் நானே. மத்தவன் கையால வாங்கித் தின்னக் கூடாது. கண்ணிவெடி வாசனை வந்தா என்ன பண்ணும் தெரியுமா? கொலைக்காது. கீறாது. அப்படியே உக்காந்துரும். அது கொலைச்சா நாங்க செத்தோம்."

உட்கார்வது எப்படி என்று காட்டுவதற்கு அவரே கல் இருக்கையிலிருந்து எழுந்து, கையை முழங்காலோடு ஒட்டி, உடம்பை மெல்லத் தாழ்த்தினார். கண் மட்டும் முன்னால் தரையில் ஓரிடத்தில் குத்தி நின்றது. வழியில் போன சிறுவன் ஒருவன் அந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

பெண் நாயா, ஆண் நாயா என்று கேட்டேன். "என்னுது பொட்டை. மோப்பத்துக்குப் பொட்டைதான் பொறுமைன்னு நான் சொல்வேன். வேற ஆளு கடுவன்தான் ஒசத்தின்னுவான். பருவத்துக்கு வந்தா ஒரு மூணு வாரம் தனியா வெச்சிருப்போம். அப்பறம் டூட்டிதான்."

மூன்று வாரம், அப்புறம் பணி. இதைக் கேட்டதும் எனக்கு உச்ச நீதிமன்றத்தில் அரசு வைத்த பிள்ளைப்பேற்று வாதம்தான் நினைவுக்கு வந்தது. பெண்களை நாயோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று வருத்தப்பட வேண்டாம். ராணுவம் நாயை எடைபோடும் முறையைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதிக்கிறார்கள். மோப்பம் தேறினால் போகிறது, தேறாவிட்டால் போவதில்லை. இனம் முழுவதற்குமாக ஒரு தீர்ப்பு எழுதிக் கதவைச் சாத்துவதில்லை. 2015 ஆகஸ்டில் வட காஷ்மீரின் தங்தார் பகுதியில், தன்னை நடத்திய பஷீர் அகமது வாருடன் சேர்ந்து குண்டடிபட்டு இறந்த மான்சி ஒரு பெண் லாப்ரடார். போர்க்களக் குறிப்பேட்டில் பெயர் ஏறிய முதல் நாய் அவள். 2023 செப்டம்பரில் ரஜௌரியில் தன் ஹேண்ட்லருக்கு முன்னால் பாய்ந்து குண்டை வாங்கிக்கொண்ட கென்டும் பெண்தான்.

பெடோங்கியைத் தெரியுமா என்று கேட்டேன். "அதத் தெரியாத பட்டாளத்துக்காரன் உண்டா!" என்றார். பெடோங்கி ஒரு பெண் கோவேறு கழுதை. 1971 போரில் எதிரி கையில் சிக்கி, அவர்கள் ஏற்றிய ஆயுதச் சுமையுடனேயே தப்பி நம் காவல் நிலைக்கு வந்து சேர்ந்தவள். சாதாரணமாகக் கழித்துக் கட்டும் வயதையும் தாண்டி ஏறத்தாழ 30 ஆண்டு படையில் இருந்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தாள். தில்லி விழாவில் நீல வெல்வெட் போர்வை போர்த்தினார்கள். 1998இல் பரேலியில் இறந்தாள்.

அமெரிக்கக் கதை இதைவிட விநோதம். கொரியப் போரில் அமெரிக்க மரீன் படை ஒரு பெண் குதிரையை வாங்கிக் குண்டு சுமக்க வைத்தது. பெயர் ரெக்லெஸ். 1953 மார்ச்சில் ஒரு குன்றுச் சண்டையில் ஒரே நாளில் 51 முறை, பெரும்பாலும் கூட ஆளில்லாமல், மேலே குண்டும் கீழே காயம்பட்டவர்களும் சுமந்தாள். இரு முறை காயம். பிறகு அவளை ஸ்டாஃப் சார்ஜென்ட் ஆக்கி விழா எடுத்தார்கள். அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் அமலில் இருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம், படையில் பெண்கள் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. குதிரைக்கு எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை.

வீர விலங்குக் கதைகள் எல்லா நாட்டிலும் ஏன் இத்தனை எளிதாக மனத்தில் ஒட்டுகின்றன என்று யோசித்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: அவை எதையும் கேட்பதில்லை. பெடோங்கி ஓய்வூதியம் கேட்டு மனுப் போடவில்லை. மான்சி பதவி உயர்வு கேட்கவில்லை. கேட்காத வீரத்துக்குப் பதக்கம் கொடுப்பதில் எவருக்கும் செலவில்லை. பெண் அதிகாரிகள் மீது எழுந்த எரிச்சலில் பாதி, அவர்கள் பதக்கத்தோடு நிற்காமல் பணி ஆண்டையும் ஓய்வூதியத்தையும் கட்டளையிடும் பதவியையும் கேட்டதால் வந்தது. 2020 தீர்ப்புக்குப் பிறகும், நாற்பது வயதைக் கடந்த பெண் அதிகாரிகளை, ஆண்களுக்குப் பணியின் ஐந்தாம் பத்தாம் ஆண்டில் வைக்கும் உடல்தகுதி அளவுகோலால் அளந்து கழித்தார்கள். மறுபடி வழக்கு. அது மறைமுகப் பாகுபாடு என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேட்காதவர்களுக்கு என்ன நேரும் என்பதற்கும் நாய்தான் சாட்சி. ஓய்வு பெற்ற நாய்கள் என்ன ஆகும் என்று ஹவில்தாரிடம் கேட்டேன். ஏரியைப் பார்த்துக்கொண்டே, "இப்ப மீரட்ல வெச்சுப் பாத்துக்கறாங்க. வீட்டுக்கு எடுத்துக்கறவங்களுக்கும் குடுக்கறாங்க," என்றார். முன்னாடி? "முன்னாடி இருந்தத ஏன் கேக்கறீங்க." பணிக்கு உதவாத நாய்களுக்கு ஊசி போட்டுவிடும் வழக்கம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே 2015இல் வெளியே வந்தது. ஊர் கொதித்தது, தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கானது, அரசு வழக்கத்தை மாற்றிக்கொள்வதாகச் சொன்னது. அதையும் மனிதர்கள்தான் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த இருக்கையை ஒரு பெண் திரும்பத் திரும்பக் கடந்து ஓடினாள். வெயிலில் வெளுத்த டிராக் பேன்ட், மேலே அண்ணனுடையது போன்ற தொளதொளச் சட்டை. நான்காவதோ ஐந்தாவதோ சுற்றில் மூச்சு வாங்க நின்று, "அக்கா, டைம் என்னன்னு சொல்றீங்களா, என் போன் ஆஃப் ஆயிடுச்சு," என்றாள். போலீஸ் தேர்வுக்கு ஓடுகிறாள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். உயரம் ஆணுக்கு 170 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 159.

"அண்ணனுங்க ஓடறதப் பாத்துட்டு, உங்களுக்கு என்ன, ஒரு ரவுண்டுதானேன்னு கிண்டல் பண்றானுங்க. 159 வெக்கலன்னா எங்க ஊர்ல ஒருத்தியும் போலீசாக முடியாதுக்கா," என்றாள். சரியான பேச்சு. உடல் வேறு என்பதைக் கணக்கில் எடுத்தால்தான் சில கதவுகள் பெண்ணுக்குத் திறக்கும். உடல் வேறு என்பதைச் சாக்காக்கினால் சில கதவுகள் மூடும். எந்தக் கதவு எது என்று ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். ஒரே சாவி கிடையாது. தமிழ்நாடு 1973இல் பெண்களைக் காவல் துறையில் சேர்த்தபோது மொத்தம் 22 பேர். 1989இல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு வந்த பிறகுதான் இந்த ஏரிக்கரை வரை ஓட்டம் வந்து சேர்ந்தது.

"திருநங்கைங்களும் இப்ப எங்க கோட்டாலதான் வராங்கன்னு எங்க அகாடமில பேச்சு," என்றாள் தயங்கி. "தப்பாச் சொல்லல அக்கா. அவங்களும் பாவம்தான். ஆனா சீட்டு எண்ணிதானே இருக்கு."

உலகெங்கும் குரல் உயர்த்திச் சண்டை போடும் விஷயத்தை அவள் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு வினாடி சொச்சம் பிந்தியபோதும், 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு வேலை கொடுக்கச் சொன்னது. நாட்டின் முதல் திருநங்கை உதவி ஆய்வாளரானார். அது சரியான தீர்ப்பு. வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, படிப்பை இழந்து வருபவரை மற்றவர்களோடு ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதுவது நியாயமாகாது. ஆனால் அந்த நியாயத்தை யார் பங்கிலிருந்து கொடுப்பது? பெண் என்று பதிவு செய்தவர்களைப் பெண்களின் 30 விழுக்காட்டில் சேர்ப்பது அரசின் வழக்கமாக இருந்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது, திருநருக்கெனத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்றது. கர்நாடகம் அதற்கு முந்தைய ஆண்டே 1 விழுக்காடு தனியாகக் கொடுத்துவிட்டது. என் எண்ணமும் அந்தப் பக்கம்தான். அடித்தட்டிலிருக்கும் இரண்டு பேரை ஒரே தட்டில் கை நீட்ட வைத்துவிட்டு, அவர்கள் முட்டிக்கொள்வதை வேடிக்கை பார்ப்பது ஆள்பவர்களுக்கு வசதி. அதற்கு நாம் ஏன் துணை போக வேண்டும்?

ஆண், பெண் என்ற வரையறையின் கடுமை இந்த மண்ணில் யாரைச் சுட்டது என்றும் நினைவிருக்கட்டும். புதுக்கோட்டை கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோருக்குப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, பெண்ணாகவே ஓடியவர். ஓட்டப்பந்தயத்தில் பெண்களுக்கெனத் தனிப் பிரிவு வேண்டும், அதற்கு ஓர் எல்லையும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த எல்லையை ஒரு கிராமத்துப் பெண்ணின் மானத்தை ஊர் முன்னால் ஏலம் போட்டுத்தான் வரைய வேண்டுமா?

இங்கே ஒரு புறாவைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1918 அக்டோபரில் பிரான்சின் ஆர்கான் காட்டில் சுற்றி வளைக்கப்பட்ட அமெரிக்கப் படைப்பிரிவைக் காப்பாற்றிய செய்தியைச் சுமந்து, குண்டடியில் கால் போய்ப் பறந்து வந்த ஷேர் அமி. பிரான்ஸ் அதற்கு வீர விருது கொடுத்தது. உடலைப் பாடம் செய்து வாஷிங்டனில் ஸ்மித்சோனியனில் வைத்திருக்கிறார்கள். அது ஆணா பெண்ணா என்று நூறாண்டு வழக்கு. 2021இல் மரபணு பார்த்து ஆண் என்று முடிவு சொன்னார்கள். முடிவு எப்படி வந்திருந்தாலும் அந்தப் புறாவின் பதக்கத்தை யாரும் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கதையைக் கேட்ட அந்தப் பெண் சிரித்தாள். "புறாவுக்கு கட் ஆஃப் இல்லல்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனாள்.

இருட்டுவதற்குள் ஆவடிக்கு வந்துவிட்டேன். 1965இல் விஜயந்தா டாங்கி இங்கேயிருந்துதான் உருண்டு வந்தது. பிறகு அஜெயா, பீஷ்மா, அர்ஜுன். படைக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையும் இங்கேதான். பணி முடிந்த நேரம். வாசலில் ஆண்களும் பெண்களுமாகக் கூட்டம், கையில் சாப்பாட்டுக் கூடை. பீரங்கிப் படையில் பெண்களுக்கு 2023 ஏப்ரலில் வழி திறந்தது. பரங்கிமலையிலிருந்து ஐந்து பேர் போனார்கள். தேசியப் பாதுகாப்பு அகாடமியின் முதல் பெண் அணி 2025 மே மாதம் வெளியே வந்தது. ராணுவச் சட்டப் பிரிவில் ஆறு ஆண்களுக்கு மூன்று பெண்கள் என்று வைத்திருந்த கணக்கை அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அடித்தது. காலாட்படையும் டாங்கிப் படையும் இன்னும் பெண்களுக்கு மூடியே இருக்கின்றன. ஆவடி செய்யும் வண்டிக்குள் ஆவடிப் பெண் சிப்பாயாக உட்கார வழியில்லை.

நிறுத்தத்தில் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கழுத்தில் அடையாள அட்டை. பேச்சுக் கொடுத்தேன். பெண்களை டாங்கி ஓட்ட விடலாமா என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விடலாமான்னா? ஓட்டத் தெரிஞ்சா ஓட்டப் போறாங்க. என் பொண்ணு ஸ்கூட்டி கேட்டப்ப எங்க வீட்டுக்காரரு பஞ்சாயத்தே வெச்சாரு. இப்ப அவரை ஆஸ்பத்திரிக்கு அவதான் ஏத்திட்டுப் போறா."

பூந்தமல்லி பேருந்து வந்தது. இளஞ்சிவப்பு இல்லை, டீலக்ஸ். "இதுல காசு கேப்பான், அடுத்தது வரும், நில்லுங்க," என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார்.